வறண்ட சூடும் ஈரச் சூடும்: கடும் வெப்பத்தை ஆங்கிலம் சொல்லும் விதம்

கேள்வி

2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டத்துக் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. பிரிட்டனில் அந்த நாளுக்கு முன் வெப்பமானி 40ஐத் தொட்டதில்லை. அந்நாட்டு வானிலைத் துறையான மெட் ஆபீஸ், 2021இல் உருவாக்கிய கடும் வெப்ப எச்சரிக்கையின் சிவப்பு நிலையை முதன்முறையாக அப்போதுதான் அறிவித்தது. 18ஆம் தேதி லூட்டன் விமான நிலையத்தின் ஓடுபாதை சேதமடைந்து விமானங்கள் நின்றன. மறுநாள் லண்டனின் கிழக்கு ஓரத்திலுள்ள வென்னிங்டன் கிராமத்தில் வீடுகள் எரிந்தன. அந்த ஆண்டின் ஐந்து வெப்பக் காலகட்டங்களில் இங்கிலாந்தில் வழக்கத்தை விட ஏறத்தாழ 3,000 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பிரிட்டன் சுகாதாரப் பாதுகாப்பு முகமை பிறகு மதிப்பிட்டது.

ஜூலை வெப்பம் சொல்லாமல் வந்ததன்று. பல நாள் முன்பிருந்தே நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் அதைப் பற்றியே பேசின. வெப்பத்துக்கென்று ஆங்கிலத்தில் உள்ள சொற்கள் எல்லாமே அந்த வாரம் அச்சேறியிருக்கும். இருந்தும் அந்தச் சொற்கள் எதைக் கேட்பவருக்குக் கொண்டுசேர்த்தன, எதை விட்டுவிட்டன என்பது தனியாக ஆராய வேண்டிய கேள்வி. அதைத்தான் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

என் வாதம் இது. பேச்சு ஆங்கிலத்தில் வெப்பத்தைப் பற்றிய ஒரு பழைய பாகுபாடு உண்டு: வறண்ட சூடு வேறு, ஈரச் சூடு வேறு. மனித உடலும் அந்தப் பாகுபாட்டைத்தான் செய்கிறது. வானிலை அறிக்கையின் ஆங்கிலமோ ஒற்றை எண்ணை நம்பி அதைக் கைவிட்டது. பிறகு உடலியலாளர்களும் வானிலை அறிஞர்களும் நூறாண்டுக்கு மேல் உழைத்து அதை எண்களாக மீட்டார்கள். மீட்கப்பட்ட எண்களைச் செய்தித்தாள்களும் அலுவலகங்களும் இன்னும் பழைய தொனியிலேயே எழுதுகின்றன. சிக்கல் இப்போது அங்கே இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கைகளும் இதே ஆங்கிலத்தில் எழுதப்பட்டு அங்கிருந்துதான் தமிழுக்கு வருகின்றன என்பதால், இது நமக்கு எட்டாத விவகாரம் இல்லை.

பேச்சு வழக்கு பிரித்து வைத்தது

ஆங்கிலம் பேசுவோர் வெயில் நாளைப் பற்றிச் சொல்லும்போது சமையலறை வினைகளை நிறையக் கையாள்கிறார்கள். பேக்கிங், ரோஸ்டிங் இரண்டும் அடுப்பிலிருந்து வந்தவை. ஸ்கார்ச்சிங் என்றால் கருக்குவது. பார்ச்சிங் என்றால் வறட்டுவது. இவற்றில் தண்ணீர் இல்லை. தரை வெடித்து, புல் பழுத்து, காற்று அனலாக வீசும் நாளுக்கு இவை பொருந்துகின்றன. இன்னொரு வரிசையும் இருக்கிறது: மகி, ஸ்டிக்கி, ஸல்ட்ரி, க்ளோஸ். இவற்றில் காற்று அசைவதில்லை, சட்டை முதுகோடு ஒட்டுகிறது. க்ளோஸ் என்று பிரிட்டிஷார் சொல்லும் நாளை நம் ஊரில் 'ஒரே இறுக்கமா இருக்கு' என்போம். மகி என்ற சொல்லுக்குத் தூறலையும் மூடுபனியையும் குறிக்கும் ஸ்காண்டிநேவியச் சொற்களோடு உறவு. ஸல்ட்ரி, ஸ்வெல்ட்டரிங் ஆகியவை ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தின் மூல வினைக்குப் பழைய ஆங்கிலத்தில் சாவது என்று பொருள்.

இந்தச் சொற்பிறப்பை வைத்து அதிகம் நிறுவிவிட முடியாது. இன்று ஸ்வெல்ட்டரிங் என்று எழுதும் செய்தியாளர் மரணத்தை நினைத்து எழுதுவதில்லை. பாலைவனத்துக்கும் அதையே போடுகிறார். பாய்லிங் என்பது எந்த வெப்பத்துக்கும் ஒட்டும் சொல்லாகிவிட்டது. ஆகவே இரு வரிசைகளும் கறாரான வகைப்பாடு என்று நான் சொல்லவில்லை. வழக்கின் சாய்வு அப்படி இருக்கிறது என்கிறேன். ஆனால் அந்தச் சாய்வுக்கு உடலில் காரணம் இருக்கிறது. சுற்றியுள்ள காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால், உடலுக்கு வெப்பத்தை வெளியேற்றும் வழி கிட்டத்தட்ட வியர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் உடலைவிட்டுப் போகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து சொட்டும். வழியும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. நீரும் உப்பும் வீணாவதுதான் மிச்சம். பேக்கிங்குக்கும் மகிக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர்கள் இந்த வேறுபாட்டை வீட்டுச் சாதனங்கள் மூலம் கற்றார்கள். வட இந்தியக் கோடையில் அவர்கள் கதவு சன்னல்களில் வெட்டிவேர்த் தட்டிகளைக் கட்டி, ஆள் வைத்து நீர் தெளித்தார்கள். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில் தட்டி ஒரு ஆங்கிலோ-இந்தியச் சொல்லாகவே இடம்பெற்றது. வறண்ட மேற்குக் காற்று அந்த ஈரத்தைக் கடந்து வரும்போது அறை குளிர்ந்துவிடும். ஈரக் காற்று வீசும் கடலோரத்தில் அதே தட்டியால் அந்தப் பலன் கிடைக்காது. அங்கே பங்கா மட்டுமே துணை. நீர் தெளித்தவரும் பங்கா இழுத்தவரும் அந்த வெப்பத்தை என்ன சொல்லால் குறித்தார்கள் என்பது அந்த அகராதியின் அக்கறைக்குள் வரவில்லை.

சூடேற்றிய அறையும் சுரங்கமும்

வறண்ட சூட்டை மனிதர் எவ்வளவு தாங்குவார் என்பதை முதலில் முறையாகச் சோதித்தவர்களில் மருத்துவர் சார்ல்ஸ் பிளாக்டன் முக்கியமானவர். ஜார்ஜ் ஃபோர்டைஸ் அமைத்த சூடேற்றிய அறைகளுக்குள் அவரும் ஜோசஃப் பேங்க்ஸ் உள்ளிட்ட நண்பர்களும் போய் நின்றார்கள். வெப்பநிலை 260 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 127 செல்சியஸ் வரை ஏற்றப்பட்டது. அறைக்குள் வைத்த முட்டையும் மாட்டிறைச்சியும் வெந்தன; உள்ளே சில நிமிடங்கள் நின்றவர்கள் நலமாக வெளியே வந்தார்கள். 1775இல் ராயல் சொசைட்டியின் இதழில் இந்தச் சோதனைகள் வெளியாயின. ஆவியாதலின் பங்கை பிளாக்டன் கவனித்தார். ஆனால் உயிருள்ள உடலுக்கு வெப்பத்தை அழிக்கும் தனி ஆற்றல் இருப்பதாகவும் நம்பினார். விளக்கம் முழுமையடையாவிட்டாலும் ஒன்று உறுதியானது: வெப்பமானியின் எண்ணை மட்டும் வைத்து உடலுக்கு என்ன நேரும் என்று சொல்ல முடியாது.

மறுபக்கத்தை, அதாவது ஈரச் சூட்டை, அளந்தவர் ஜே.எஸ். ஹால்டேன். கார்ன்வால் தகரச் சுரங்கங்களில் தொழிலாளர் நலனை ஆராயப் போனவர் அவர். ஆழத்துக்குப் போகப் போகப் பாறையின் சூடும் காற்றின் ஈரமும் சேர்ந்து ஆட்களை வாட்டுவதை அங்கே கண்டார். 1905இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் முன்வைத்த முடிவு எளியது. காற்று அசையாத இடத்தில் மனித உடலுக்கு முக்கியமானது காற்றின் வெப்பநிலையும் அல்ல, ஈரப்பத விகிதமும் அல்ல. ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை. அது சுமார் 31 டிகிரியைத் தாண்டினால், மேலாடையின்றி இருப்பவருக்கும் உடல்வெப்பம் ஏறத் தொடங்கும். கடின உழைப்பில் இருப்பவருக்கு வரம்பு இன்னும் வெகு கீழே.

இந்த 31 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2010இல் ஸ்டீவன் ஷெர்வுட்டும் மேத்யூ ஹூபரும் ஈரக்குமிழ் 35 டிகிரியை மனித உயிர்வாழ்வின் கோட்பாட்டு எல்லையாக முன்வைத்தார்கள். அந்த 35 பொதுவெளியில் பிரபலமானது. 2020இல் காலின் ரேமண்டும் சக ஆய்வாளர்களும் பாகிஸ்தானின் ஜேகப்பாபாத் போன்ற இடங்களில் அந்த எல்லை சிறிது நேரம் எட்டப்பட்டிருப்பதைக் காட்டியபின், சாவின் கோடு 35இல் இருக்கிறது என்ற எண்ணம் செய்திகளில் நிலைத்தது. 2022இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடல்நலமுள்ள இளைஞர்களை அறையில் வைத்துச் சோதித்தபோது, ஈரமான சூழலில் உடல் சமநிலை இழந்த புள்ளி சராசரியாக 30.6 டிகிரி ஈரக்குமிழ். ஹால்டேன் 117 ஆண்டுகளுக்கு முன் சொன்ன இடத்துக்கு மிக அருகில் வந்து நிற்கிறது இது. இரு சோதனைகளின் முறையும் நோக்கமும் வேறு. ஆகவே ஒன்று மற்றதை நிரூபித்தது என்று சொல்வது மிகை. ஆனால் 35 என்ற எண்ணைப் பாதுகாப்பின் எல்லையாக வாசிப்பது ஆபத்தான தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே ஆய்வில் மிக வறண்ட சூட்டில் வரம்பு ஈரக்குமிழ் 25 முதல் 28 டிகிரிக்கு இறங்கியது. அங்கே ஆவியாதலுக்குத் தடை இல்லை, சுரக்கும் வியர்வையின் அளவுதான் போதவில்லை. ஆக, ஈரக்குமிழ் என்ற ஒற்றை எண்ணும் எல்லா வெப்பத்தையும் சொல்லிவிடாது. இரு சூடுகளும் உடலை வீழ்த்தும் வழிகள் வேறு வேறு.

பெட்டிக்குள் வெப்பமானி

வானிலை அறிக்கையில் நாம் கேட்கும் வெப்பநிலை எங்கே அளக்கப்படுகிறது? பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 1860களில் வடிவமைத்த, வெள்ளை பூசிய, காற்றுப் புகும் சாய்சட்டங்கள் கொண்ட பெட்டிக்குள். எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை அவர். பிரிட்டனில் அந்தப் பெட்டிக்குள் வெப்பமானி தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரத்தில், புல்தரைக்கு மேல் இருக்கும். வெயில் நேரடியாகப் படாது. ஊரையும் ஊரையும், ஆண்டையும் ஆண்டையும் ஒப்பிட இந்த ஒழுங்கு அவசியம். இது இல்லாமல் காலநிலை அறிவியலே இல்லை. ஆனால் எந்த மனிதரும் அந்தப் பெட்டிக்குள் வசிப்பதில்லை. தார் போடுபவரும், தகரக் கூரைக்குக் கீழே தைப்பவரும், மேற்கு பார்த்த மாடி அறையில் படுத்திருக்கும் முதியவரும் அனுபவிக்கும் வெப்பம் வேறு.

வெப்ப அலையின் அதிகாரபூர்வ வரையறைகள் பெரும்பாலும் அந்தப் பெட்டியின் எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மெட் ஆபீஸ் கணக்கில், ஒரு மாவட்டத்துக்குரிய வரம்பை அன்றாட உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாளாவது எட்ட வேண்டும். அந்த வரம்பு ஸ்காட்லாந்தில் 25 டிகிரி, லண்டனில் 28. 28 டிகிரியா வெப்ப அலை என்று நம்மவர்கள் சிரிக்கக்கூடும். சிரிப்புக்கு இதில் இடமில்லை. உடல் பழகியிருக்கும் வெப்பமும், வீடு கட்டப்பட்ட விதமும்தான் எண்ணுக்கு அர்த்தம் தருகின்றன. குளிரைத் தடுக்கக் கட்டிய வீடு கோடை இரவில் சூட்டை வெளியே விடாது. இந்திய வரையறையிலும் இந்த ஒப்பீட்டு நோக்கு உண்டு. சமவெளியில் 40, கடலோரத்தில் 37, மலையில் 30 டிகிரியை எட்டியபின், இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை, விலகல் 6.4ஐத் தாண்டினால் கடும் வெப்ப அலை. கடலோரத்துக்கு வரம்பைக் குறைத்திருப்பதே ஈரத்தை மறைமுகமாக ஒப்புக்கொள்வதுதான். ஆனாலும் சென்னையில் 36 டிகிரியும் கனத்த ஈரமுமாகக் கழியும் மே மாத நாள் இந்தச் சல்லடையில் சிக்காமல் போய்விடும்.

இந்த இடைவெளியை நிரப்பப் பல முயற்சிகள் நடந்தன. 1950களில் அமெரிக்க மரீன் படையின் பாரிஸ் ஐலண்ட் பயிற்சி முகாமில் புதிய வீரர்கள் வெப்பத்தால் சுருண்டு விழுந்தார்கள். அங்கிருந்து வந்த அளவைதான் ஈரக்குமிழ் கோள வெப்பநிலை. அதில் ஈரக்குமிழுக்கு 70 சதவீத எடை. வெயிலின் கதிர்வீச்சை வாங்கும் கறுப்புக் கோளத்துக்கு 20. சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10. எண் ஏற ஏறக் கொடியின் நிறம் மாறும்; கறுப்புக் கொடி ஏறினால் பயிற்சி நிற்கும். கனடா 1965இல் ஹியூமிடெக்ஸ் என்ற குறியீட்டைக் கொண்டுவந்தது.

அமெரிக்காவின் வெப்பக் குறியீட்டுக்கு அடிப்படையானது ராபர்ட் ஸ்டெட்மன் 1979இல் எழுதிய ஆய்வு. அதன் தலைப்பிலேயே ஸல்ட்ரினஸ் என்ற பேச்சுச் சொல் இருக்கிறது. புழுக்கத்தை மதிப்பிடுவதே தன் வேலை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். 32 டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் 40 சதவீதமானால் குறியீடு ஏறத்தாழ 33. ஈரப்பதம் 70 ஆனால் 41. பேச்சு வழக்கு மகி என்று ஒரு சொல்லில் குறித்ததை இந்த எட்டு டிகிரி இடைவெளி சொல்கிறது. ஆனால் இந்தக் கணக்குக்குள் ஒரு கற்பனை மனிதர் இருக்கிறார். 1.7 மீட்டர் உயரம், 67 கிலோ எடை, நிழலில், இளங்காற்றில் நடந்துகொண்டிருப்பவர். நேர் வெயிலில் நின்றால் குறியீட்டோடு 15 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடலாம் என்று அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையே சொல்கிறது. வயலில் குனிந்திருப்பவரும், இதய நோய்க்கு மருந்து எடுப்பவரும், கைக்குழந்தையும் அந்தக் கற்பனை மனிதரின் உருவத்துக்குள் அடங்கமாட்டார்கள்.

உணர்வா, சுமையா

இந்தக் குறியீடுகள் மக்களிடம் வந்தது 'ஃபீல்ஸ் லைக்' என்ற தொடரில். கைப்பேசியில் வானிலை பார்க்கும் எல்லோருக்கும் அது பழக்கம்: வெப்பம் 34, உணர்வது 42. எளிமையான ஆங்கிலம், யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆனால் பொருளை அது தலைகீழாக்குகிறது என்று நினைக்கிறேன். 34 என்பது உண்மை, 42 என்பது வெறும் தோன்றல் என்று இத்தொடர் சொல்லாமல் சொல்கிறது. உடலின் கோணத்தில் பார்த்தால், வெப்பத்தை வெளியேற்ற இதயமும் தோலும் படும் பாட்டுக்கு நெருக்கமானது இரண்டாவது எண்தான்.

இதைவிட முக்கியமான குறை இன்னொன்று உண்டு. வயது ஏற ஏற வெப்பத்தை உணரும் திறனும் தாக உணர்வும் மங்குகின்றன, வியர்வையும் குறைகிறது. மனநோய்க்கான சில மருந்துகள் வியர்வையைத் தடுக்கின்றன. வெப்ப அலைகளில் அதிகம் இறப்பவர்கள் இவர்கள்தான். அபாயத்தை உணர்வின் மொழியில் சொன்னால், உணர்வு மங்கியவர்களுக்கே அது எட்டாமல் போகிறது. 'எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லையே' என்று ஒரு முதியவர் சொல்வது பொய்யில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. ஃபீல்ஸ் லைக்கை ஆதரிப்போர், சாதாரண வாசகர் ஈரக்குமிழைப் புரிந்துகொள்ளமாட்டார் என்கிறார்கள். அது சரியான கவலைதான். ஆனால் ஈரக்குமிழைச் சொல்லத் தேவையில்லாமலே, 'இன்று வியர்வை காயாது' என்று எந்த மொழியிலும் சொல்லலாம். அந்த வாக்கியம் கேட்பவரின் உணர்வை நம்பி நிற்பதில்லை.

கடற்கரைப் படங்களும் 1976உம்

குளிர்நாட்டு மொழியில் வெப்பம் நெடுங்காலமாக விடுமுறையின் சொல். ஸ்கார்ச்சர் என்று ஆங்கில நாளிதழ் தலைப்பிட்டால் அடியில் கடற்கரைப் படம் இருக்கும். சாஃப்ரன் ஓ'நீல் தலைமையில் 2022இல் வெளியான ஆய்வு, 2019 கோடையில் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஊடகங்கள் வெளியிட்ட வெப்ப அலைப் படங்களைப் பரிசீலித்தது. நீரில் விளையாடும் மக்கள் ஒரு வகை. சிவந்த வானமும் வெப்பமானியுமாக ஆளில்லாத படங்கள் இன்னொரு வகை. பாதிக்கப்படக்கூடியவர்கள் ஓரங்கட்டப்பட்டிருந்தார்கள். செய்தியின் வரிகள் அபாயத்தைச் சொன்னபோதும் மேலேயிருந்த படம் கொண்டாட்டத்தைச் சொன்னது என்பது இந்த ஆய்வின் கூர்மையான அவதானிப்பு.

இதற்கு எதிராக ஒரு வாதம் வைக்கலாம்: ஆண்டில் பாதி நாள் சாம்பல் வானத்தின் கீழ் வாழும் மக்கள் வெயிலைக் கொண்டாடுவதில் என்ன தவறு? தவறில்லை. 24 டிகிரியில் அது மகிழ்ச்சிதான். 24க்கு உருவான தொனி 40க்கும் தொடர்வதுதான் கேடு. 2022இல் பலர் 1976ஐ நினைவுகூர்ந்தார்கள்: நாங்கள் அதையே பார்த்துவிட்டோம், இது என்ன பெரிது என்று. 1976 உண்மையிலேயே கொடிய கோடை. ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை 15 நாட்கள் தொடர்ந்து இங்கிலாந்தில் எங்காவது 32 டிகிரி எட்டப்பட்டது. வறட்சிக்கென்று டெனிஸ் ஹொவெல் அமைச்சராக நியமிக்கப்பட்டார். ஆனால் அந்தக் கோடையின் உச்சம் 35.9. அதற்கும் 40.3க்கும் உள்ள 4.4 டிகிரி இடைவெளியைப் பேச்சில் சொல்ல வழி இல்லை. இரண்டுக்கும் ஸ்கார்ச்சர் என்ற ஒரே சொல்தான். நினைவிலும் தேர்வு நடக்கிறது. 1976இல் பிழைத்தவர்களே அதை நினைவுகூர முடியும்.

சாவுக்குப் பெயர் வைப்பதும் விவரிப்பின் பகுதிதான். 1995 ஜூலையில் சிகாகோவில் வெப்ப அலை வந்தபோது, மருத்துவப் பரிசோதகர் எட்மண்ட் டோனஹியூ உடல்வெப்பத்தை மட்டும் பார்க்காமல், மூடிய சூடான அறையில் கண்டெடுக்கப்பட்ட சூழலையும் கணக்கில் எடுத்து மரணங்களுக்கு வெப்பத்தைக் காரணமாகப் பதிந்தார். மேயர் ரிச்சர்ட் டேலி அந்த எண்ணிக்கையைப் பொதுவில் சந்தேகித்தார். பின்னர் வழக்கத்துக்கு மேற்பட்ட மரணங்களைக் கணக்கிட்டபோது 739 என்று வந்தது, டோனஹியூ மிகைப்படுத்தவில்லை. இந்நிகழ்வை ஆராய்ந்து 2002இல் நூலெழுதிய சமூகவியலாளர் எரிக் க்ளைனன்பெர்க், தனிமையும் வறுமையும் கைவிடப்பட்ட தெருக்களும்தான் வெப்பத்தை மரணமாக மாற்றின என்று வாதிட்டார். அவர் நூலை வாசித்தபின் எந்த வெப்பநிலை எண்ணும் தனியாக நிற்பதில்லை. யார் கதவை யார் தட்டினார்கள் என்பது அந்த எண்ணோடு சேர்த்துக் கேட்க வேண்டியதாகிவிடுகிறது.

அடைமொழிகளை ஏற்றுவது

எச்சரிக்கையின் மொழியைச் சீர்செய்ய அலுவலகங்கள் பல வழிகளை முயன்றிருக்கின்றன. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை 2025 மார்ச்சில் எச்சரிக்கையின் பெயரிலிருந்த எக்ஸெஸிவ் என்ற அடைமொழியை எடுத்துவிட்டு எக்ஸ்ட்ரீம் என்று மாற்றியது. ஆஸ்திரேலிய வானிலைத் துறை 2013 ஜனவரியில், 50 டிகிரிக்கு மேல் போகும் முன்கணிப்பைக் காட்ட வரைபடத்தில் புதிய ஊதா நிறங்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஸ்பெயினின் செவில் நகரம் 2022 ஜூலையில் ஒரு வெப்ப அலைக்குப் புயலுக்கு வைப்பதுபோல் சோயி என்று பெயரிட்டது. உலக வானிலை அமைப்பு இந்த வழியை ஏற்கத் தயங்கியது. புயலுக்கு உருவமும் பாதையும் உண்டு, வெப்பத்துக்கு விளிம்பு இல்லை என்பது தயக்கத்துக்கு ஒரு நியாயம்.

அடைமொழியை ஏற்றும் வழியில் எனக்கு நம்பிக்கை குறைவு. எக்ஸ்ட்ரீம் தேய்ந்தபின் எங்கே போவது? இதைவிட உருப்படியானவை இரண்டு. ஒன்று, 2014 முதல் ஆஸ்திரேலியாவில் வழங்கும் மிகை வெப்பக் காரணி. மூன்று நாள் வெப்பத்தை அந்த இடத்தின் நீண்டகால வழக்கத்தோடும், அதற்கு முந்தைய 30 நாட்களோடும் ஒப்பிடுகிறது அது. இரவு வெப்பமும் கணக்கில் வருகிறது. உடல் பழகியதா, இரவில் இளைப்பாறியதா என்ற இரு கேள்விகளும் இப்படி வரையறைக்குள் நுழைகின்றன. மற்றொன்று, இங்கிலாந்தில் 2023 ஜூனில் வந்த புதிய வெப்ப-நல எச்சரிக்கை. டிகிரியைவிட யாருக்கு என்ன நேரும், மருத்துவமனைகள் தாங்குமா என்பதை வைத்து அது நிறம் கொடுக்கிறது. இந்தியாவில் அகமதாபாத் 2010 மே மாத வெப்பத்தில் 1,344 கூடுதல் மரணங்களைக் கண்டபின், 2013இல் வகுத்த செயல்திட்டமும் இந்த வழியில்தான் போனது. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததும் ஒரு விவரிப்பு மாற்றமே. இயற்கை என்று விட்டுவிட்டது இப்போது இழப்பீடு கோரக்கூடிய நிகழ்வாகியிருக்கிறது.

சட்டத்தில் ஒரு சொல்

ஈரச் சூட்டை வரம்புக்குள் கொண்டுவரும் முயற்சி வானிலை அலுவலகங்களுக்கு முன்பே தொழிற்சாலைச் சட்டத்தில் தொடங்கிவிட்டது. லங்காஷயரின் பருத்தி நெசவுக் கொட்டகைகளில் நூல் அறாமலிருக்க முதலாளிகள் நீராவியைப் பாய்ச்சினார்கள். நெசவாளர்கள் நனைந்த ஆடையோடு வேலை செய்து, குளிர்ந்த தெருவுக்கு வந்தார்கள். அவர்களின் கிளர்ச்சிக்குப் பின் 1889இல் வந்த சட்டம், இந்த வெப்பநிலைக்கு இவ்வளவு ஈரம்தான் இருக்கலாம் என்று உலர்குமிழ், ஈரக்குமிழ் அளவுகளை வைத்து வரம்பிட்டது. ஸ்டெட்மனின் ஆய்வுக்குத் தொண்ணூறு ஆண்டு முன்பே, அறிஞர்கள் குறியீடு செய்யுமுன், நெசவாளர்கள் தங்கள் வெப்பத்தைச் சட்டத்தின் மொழிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

அந்த வரலாற்றோடு பார்த்தால் இன்றைய பிரிட்டிஷ் விதிகள் பின்னோக்கிப் போனவை போலத் தோன்றுகின்றன. 1992ஆம் ஆண்டின் பணியிட விதிமுறைகள் உள்ளரங்கில் வெப்பநிலை 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்கின்றன. குளிருக்கு வழிகாட்டு எண் உண்டு: பொதுவாக 16 டிகிரிக்கும், கடும் உடலுழைப்பில் 13க்கும் குறையக் கூடாது. வெப்பத்துக்கு அப்படி ஒரு மேல் எண் இல்லை. அடுமனைகளிலும் கண்ணாடி உலைகளிலும் எண்ணைக் கடைப்பிடிக்க முடியாது என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. தொழிற்சங்கக் கூட்டமைப்பு 30 டிகிரியும், கடும் உழைப்புக்கு 27 டிகிரியும் மேல் வரம்பாக வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது. கோரிக்கை நியாயமானது. ஆனால் அதுவும் வறண்ட வெப்பமானியின் மொழியிலேயே கேட்கப்படுகிறது. நீராவி நிறைந்த சலவைக்கூடத்தில் 29 டிகிரியில் துணி பிழிபவருக்கு அந்த 30 பயன்படாது. அவர் வரம்புக்குள் இருப்பதாகவே பதிவேடு சொல்லும். கடின உழைப்புக்கு வரம்பு வெகு கீழே என்று ஹால்டேன் 1905இல் எழுதியதை வைத்துப் பார்த்தால், அந்தத் தொழிலாளர் வேலையை நிறுத்த வேண்டிய கட்டத்தை எப்போதோ கடந்திருப்பார்.